செவலைக் கோழியின் தோல்முட்டைகள்

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருந்ததெல்லாம் வாய் திறந்து பேசும். செவலைக் கோழியின் உடம்பிலிருந்த கொழுப்புக்கு வாய் சற்று அதிகம். வெயில் ஏறியதும், "சிறகைத் தூக்கு தாயி, தோலுக்குப் போகணும்" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கும். அவளும் தூக்குவாள்.

ஒருநாள் குளத்தங்கரைக் கொக்கு அவளை மேலும் கீழும் பார்த்தது. "ஏன்டி, உள்ள கொழுப்பை வச்சு வளர்க்கிறியாமே? ரத்தம் ஓடுற வழியை அடைச்சு ஆளையே சாய்ச்சிடுமாம்!"

அவ்வளவுதான், செவலைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் உடம்பிலேயே உட்கார்ந்துகொண்டு எனக்கே குழி பறிக்கிறதா! கொழுப்பிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "இனி தோல் பக்கம் எட்டிப் பார்த்தா நடக்கிறதே வேற" என்று கத்திவிட்டு, வெயில் எட்டாத புதருக்குள் போய்ச் சிறகை இறுக்கி மூடிக்கொண்டாள். "தாயி, நான் சொல்றதைக் கேளு" என்று கொழுப்பு கெஞ்சியது. யார் கேட்டார்கள்?

சில வாரம் போனது. முட்டை ஓடில்லாமல் தொளதொளவென்று தோல்முட்டையாக விழுந்தது. ஓடு சுண்ணாம்பால் ஆனதுதானே என்று, பதறிப்போய்ச் சுண்ணாம்புச் சுவரைக் கொத்திக் கொத்தித் தின்றாள். அடுத்ததும் அப்படியே. அடைகாக்க உட்கார்ந்தால் அவள் பாரத்திலேயே உடைந்தன. ஐந்து முட்டை போயிற்று, ஒரு குஞ்சு இல்லை.

"பாவி! என் பிள்ளைகளையும் தின்னுட்டியா?" என்று கொழுப்பின் மேல் பாய்ந்தாள்.

கொழுப்புக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "யாரு தின்னா? நீ கொத்தின சுண்ணாம்பு உடம்புல ஒட்டாம அப்படியே வெளியே போகுதே, பார்த்தியா? தினமும் தோலுக்குப் போய் வெயிலை வாங்கி, ஈரல்லயும் சிறுநீரகத்துலயும் பக்குவப்பட்டு, குடல் வாசல்ல நின்னு அந்தச் சுண்ணாம்பை உள்ளே இழுத்தது யாரு? நான்தானே! உன் உடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுவர் பூசினதும் நான்தான். அளவு மிஞ்சினா அடைப்பேன், இல்லைங்கல. அதுக்காக வேலையே செய்யவிடாம மறிச்சுப் போடுவியா?"

செவலை அந்த நிமிஷமே குளத்தங்கரைக்கு ஓடினாள். "எதைப் பார்த்து அப்படிச் சொன்னே? என் அஞ்சு பிள்ளையும் போச்சே!"

"நான் எங்கே பார்த்தேன்? காதுல விழுந்ததைச் சொன்னேன்" என்ற கொக்கு, மீனைக் கவ்விக்கொண்டு பறந்துபோனது. ஐந்து உயிருக்கு அது சொன்ன பதில் இவ்வளவுதான்!

செவலை வெட்டவெளியில் வந்து விழுந்தாள். "தப்பு என்மேலதான். தோலுக்கு வா" என்றாள்.

"வர்றேன், பொறக்கப்போற பிள்ளைகளுக்காக வர்றேன். ஆனா இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். நீயே சிறகைத் திற. என்னைப் பத்தி எவன் என்ன சொன்னாலும் வாய் திறக்க மாட்டேன், போ!" என்றது கொழுப்பு. அதுதான் அது கடைசியாகப் பேசியது.

அடுத்த தடவை இட்டபோது கெட்டி ஓட்டோடு முட்டை வந்தது, குஞ்சும் பொரிந்தது.

அன்று முதல்தான் வெயில் கண்ட இடத்தில், யாரும் கூப்பிடாமலே கோழி ஒருக்களித்துச் சாய்ந்து சிறகை விரிக்கிறது. கொழுப்போ, கொலஸ்ட்ரால் என்று பெயர் வைத்து ஊரே ஏசினாலும் ஒரு வார்த்தை பேசாமல், தோலுக்குப் போய் வெயிலை வாங்கிக்கொண்டிருக்கிறது.