பிடுங்கி எறிந்த முள்

ஒரு காட்டில் ஒரு கோடையில் விலங்குகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடந்தது. குடிக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு குட்டை. அதுவும் நாளுக்கு நாள் சுருங்கிப் பச்சையாகிக்கொண்டிருந்தது.

சாவு விழுந்த இடங்களுக்குப் பாறு கழுகுகள் வந்து இறங்கின. கழுத்தில் இறகு இல்லாத, பார்க்கச் சகிக்காத பறவைகள் அவை. அவை இறங்கினால் உச்சிவேளைக்குள் எலும்பு மட்டும்தான் கிடக்கும்.

அந்தக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணுவது அதன் குணம். அதைத் தேடி ஒரு பெண்மான் வந்தது. போன வருஷத்துக் குட்டியை அது நான்கு நாளைக்கு முன்னால்தான் பறிகொடுத்திருந்தது. இந்த வருஷத்துக் குட்டி அதன் கால்களுக்கு இடையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணா, நீங்கள் எல்லாவற்றையும் எண்ணுகிறவர். எங்களை எது கொல்லுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். எனக்கு இந்தக் குட்டி ஒன்றுதான் இருக்கிறது."

"எண்ண மட்டும்தான் எனக்குத் தெரியும், அம்மா. எண்ணுகிறேன்," என்றது முள்ளம்பன்றி.

ஆற்று மணலில் அது ஒரு கல்லை வைத்தது. அன்றைக்கு எத்தனை கழுகுகள் இறங்கினவோ, கல்லிலிருந்து அத்தனை அடி கிழக்கே நடந்தது. அன்றைக்கு எத்தனை விலங்குகள் செத்தனவோ, அங்கிருந்து அத்தனை அடி வடக்கே நடந்தது. போய் நின்ற இடத்தில் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி நட்டது. நான்கு கழுகு, ஒரு சாவு என்றால் கிழக்கே நான்கு அடி, வடக்கே ஓர் அடி. ஒரு நாளுக்கு ஒரு முள்.

இருபத்தொரு நாள் போனது. முதுகில் ஒரு பக்கம் வழுக்கையாகிவிட்டது. ஆனால் தள்ளி நின்று பார்த்தபோது முள்ளம்பன்றிக்கு ஒன்று தெரிந்தது. முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றன. இருந்தாலும் எல்லாம் சேர்ந்து கல்லிலிருந்து வடகிழக்குப் பக்கமாகவே நீண்டன. கழுகு குறைந்த நாளில் சாவும் குறைவு. கழுகு கூடிய நாளில் சாவும் கூடுதல்.

ஒரே ஒரு முள் மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி, கல்லுக்கு நேர் வடக்கே தனியாக நின்றது. அன்றைக்கு நாள் முழுக்க மூட்டம். வெயில் இல்லாத நாளில் பாறு கழுகுகளால் எழும்பிப் பறக்க முடியாது. ஒரு கழுகும் வரவில்லை. ஆனாலும் ஏழு விலங்குகள் செத்தன.

விலங்குகள் மணலில் கூடின. நடுவில் யானை நின்றது. காட்டில் அதற்குத்தான் பலம் அதிகம், பொறுமைதான் குறைவு.

"இவ்வளவு முள்ளையும் பார்க்க எனக்கு நேரமில்லை. என்ன சொல்கிறது இது?" என்று யானை கேட்டது.

முள்ளம்பன்றி தொண்டையைச் செருமுவதற்குள் நரி முன்னால் வந்துவிட்டது. கழுகுகள் இருக்கும்வரை நரிக்கு எலும்புதான். அந்த வருத்தம் அதற்கு வெகு நாளாக உண்டு.

"அண்ணன் வாயால் சொல்ல வேண்டுமா, பெரியவரே? முள்ளே சொல்லுகிறதே. கழுகு கூடக் கூடச் சாவு கூடுகிறது. இதைப் புரிந்துகொள்ள யானை மூளை எதற்கு, என் மூளையே போதும்."

சில விலங்குகள் சிரித்தன. மான் சிரிக்கவில்லை. "அப்படியானால் அந்த ஒரு முள் ஏன் தனியாக நிற்கிறது?" என்று கேட்டது.

"இதுவா, தங்கச்சி? மூட்டத்தில் நட்டது. வழி தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறது, பாவம்." நரி அந்த முள்ளை வாயால் பிடுங்கி ஓரமாக எறிந்தது. அதன் நுனியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

முள்ளம்பன்றி வாயைத் திறந்தது.

"இப்போது பாருங்கள், அண்ணே," என்றது நரி. "எத்தனை அழகு. இந்தக் காட்டில் இப்படி ஒன்றை வேறு யார் செய்திருக்கிறார்கள்?"

முள்ளம்பன்றி பார்த்தது. உண்மையிலேயே அழகாக இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டது.

எல்லாரும் ஆற்றங்கரை மருத மரத்துக்குப் போனார்கள். அதன் உச்சியில்தான் கழுகுகளின் கூடுகள் இருந்தன. ஒரு கிழட்டுக் கழுகு தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து அவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டது.

"சாவு இருக்கிற இடத்துக்கு நாங்கள் வருகிறோம். எங்கள் பின்னால் சாவு வருவதில்லை," என்றது அது. "நான் மேலேயிருந்து பார்க்கிறவள். குட்டை எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு பேர் சாகிறீர்கள். அந்தத் தண்ணீரை விடுங்கள். ஆற்று மணலைத் தோண்டுங்கள்."

"கண்ணெதிரே தண்ணீர் இருக்க, மணலைத் தோண்டச் சொல்கிறாயா?" என்றது யானை.

"பிணம் தின்கிற வாய். வேறு எப்படிப் பேசும்?" என்றது நரி.

"கூட்டில் முட்டை இருக்கிறது. வருஷத்துக்கு ஒன்றுதான் இடுவோம். குஞ்சு பொரிக்கும்வரையாவது பொறுங்கள்."

மான் தன் குட்டியைப் பார்த்தது. "எனக்கும் ஒன்றுதான்," என்று சொல்லிவிட்டு விலகி நின்றது.

யானை நெற்றியை மரத்தில் வைத்துத் தள்ளியது. மூன்றாவது தள்ளலில் மரம் சாய்ந்தது. கழுகுகள் மேலே எழும்பி வெகு நேரம் வட்டமிட்டன. பிறகு மலைக்கு அப்பால் போய்விட்டன.

மறுநாள் ஏழு விலங்குகள் செத்தன.

முள்ளம்பன்றி வழக்கம்போல எண்ண வந்தது. கழுகு இல்லை, கிழக்கே ஓர் அடியும் நடக்க வேண்டியதில்லை. கல்லிலிருந்து நேர் வடக்கே ஏழு அடி நடந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு துளை இருந்தது.

அதே துளையில் அது முள்ளை நட்டது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் பதினொன்று. குட்டைக் கரையில் விழுந்த பிணங்களைத் தின்று தீர்க்க ஆள் இல்லை. நரி தின்றது போக மிச்சமெல்லாம் அழுகித் தண்ணீரில் கசிந்தது. அந்தத் தண்ணீரையே எல்லாரும் குடித்தார்கள். நரி நன்றாகப் பெருத்தது. நாற்றம் தாங்காமல் போனபோது, வேறு காடு பார்க்கக் கிளம்பியது.

"கெட்டிக்காரர் நீங்கள், அண்ணே," என்று போகிற வழியில் முள்ளம்பன்றியிடம் சொல்லிவிட்டுத்தான் போனது.

நான்காம் நாள் பதினான்கு. பதினான்காவது, மானின் குட்டி.

முள்ளம்பன்றி யானையிடம் போய், "மணலைத் தோண்டிப் பாருங்கள்," என்றது. யானை வந்து முட்களின் பக்கத்திலேயே தோண்டியது. முழங்கால் ஆழத்தில் தெளிந்த தண்ணீர் ஊறி வந்தது. அன்றிலிருந்து சாவு குறைந்தது. சில நாளில் நின்றேவிட்டது.

எல்லாரும் குடித்துப் போன பிறகு மான் வந்தது. கல்லுக்கு நேர் வடக்கே வரிசையாக நின்ற முட்களைப் பார்த்தது.

"இதில் என் குட்டி எது, அண்ணா?"

முள்ளம்பன்றி வடக்குக் கோடியில் நின்ற கடைசி முள்ளைக் காட்டியது.

"நரி அந்த முள்ளைப் பிடுங்கியபோது நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். நான் பார்த்தேன். என்ன சொல்ல வந்தீர்கள்?"

"அன்றைக்குக் கழுகே வரவில்லை என்று."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், அம்மா."

மான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனது.

நீதி: இரண்டு சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது, பொருந்தாமல் நிற்கும் ஒன்றைப் பிடுங்கி எறியும்முன் அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேள்.