தொட்டிக்குள் இறங்கிய முதலாளி

சொல்வதில் ஒரு வார்த்தை பிசகினாலும் வேலை போய்விடுமே என்று பாவாயி எண்ணி எண்ணிப் பேசினாள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவள் அவள். அமிலம் ஊற்றாமலே ஜவ்வரிசி மாவை வெளுக்க வைக்கும் வழியை அங்கே கண்டுபிடித்திருந்தார்கள். தினமும் கிளறிக் கிளறிப் பக்குவம் தெரிந்தவள் அவள்தான் என்பதால், பொன்னுரங்கம் முதலாளியின் ஆலையில் செய்துகாட்ட அவளையே அனுப்பினார்கள்.

முதலாளி மீசையைத் தடவினார். "இந்த வித்தை எனக்கு மட்டுந்தான் தெரியணும். வேற ஒருத்தன் காதுக்குப் போச்சு, பல்கலைக்கழகத்துல சொல்லி உன் வேலைக்கு வேட்டு வெச்சுடுவேன்!"

"சரிங்க முதலாளி. உங்க ஆளுங்க நாளைக்கே பக்கத்து ஆலைக்குக் கூலிக்குப் போனா, அங்க சொல்லிடுவாங்க. அவங்கள வெளிய அனுப்பிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டி நீங்களே மாவுத் தொட்டியில இறங்குங்க."

"நானா?"

"வேற யாருக்கும் தெரியக்கூடாதுன்னீங்களே! மூணு மணி நேரம் நிறுத்தாம கிளறணுங்க. தினமும்."

வீம்புக்கு இறங்கினார். அரை மணியில் மீசைவரை மாவு. அவர் முனகலைக் கேட்டு, மூடிய கதவுக்கு வெளியே ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஐயோ, இடுப்பு போச்சு! ஊருக்கே சொல்லிக்குடுத்துத் தொலை! என்னைத் தூக்கிவிடு!"

அமிலம் ஊற்றுவதால் மூடும் நிலையில் இருந்த ஊரின் இருபது ஆலைகளும் இனி பிழைத்துக்கொள்ளும் என்ற குதூகலத்தில் பாவாயி கையை நீட்டினாள். ஆனால் கரையேறிய பெரிய மனுஷருக்குப் பேச்சு மாறுமே! சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, அவர் சொன்னதை அப்படியே தாளில் எழுதி, பேனாவோடு நீட்டினாள். மாவு ஒழுக ஒழுகக் கையெழுத்து விழுந்த பிறகுதான் அவரைத் தூக்கிவிட்டாள்.