ஒற்றைப் பல் பினியன்

வையாபுரி அன்று சவரம் செய்துகொண்டு பட்டறைக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. சங்ககிரியில் டிரெய்லர் வைத்து நடத்தும் பாவாயம்மாள், மலைப்பாதையில் டிரான்ஸ்பார்மர் லோடு ஓட்ட ஒரு டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தான். முட்டை வேன் ஓட்டி அவனுக்கு அலுத்துவிட்டது. வேகமாகப் போனால் உடைந்தது என்று திட்டு, மெதுவாகப் போனால் அழுகியது என்று திட்டு.

பாவாயம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வண்டியின் பின் ஆக்சிலைப் பிரித்து, கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தையும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தையும் சாக்கின் மேல் வைத்து மெக்கானிக் நாச்சிமுத்து விளக்கிக்கொண்டிருந்தார்.

"சின்னதுல ஆறு பல்லு, பெரிசுல முப்பத்தொம்பது. இஞ்சின்ல இருந்து வர்ற தண்டு ஆறரைச் சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. இந்தக் கணக்கு கூடக் கூட இழுவை கூடும், வேகம் கொறையும்."

"ஆறரையா?" என்றான் வையாபுரி, யாரும் கேட்காமலே. "அக்கா, நான் கொல்லிமலைக்கு லோடு ஏத்துன வண்டியில பினியனுக்கு ஒரே ஒரு பல்லு. கிரவுனுக்கு ஆயிரம்."

தன் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்ற வந்து காத்திருந்த அர்ச்சுனன் டீயைக் கீழே வைத்தான். "ஆயிரம் பல்லுள்ள கிரவுன் எந்த ஆக்சில் பொட்டிக்குள்ள அடங்குமுங்ணா?"

"அடங்கலை. பாதி வெளியதான் நின்னுது. ராசிபுரம் தாண்டறப்ப ராட்டினம் வந்துருச்சுன்னு சனம் டிக்கெட்டுக்கு வரிசை கட்டிருச்சு. பாவம், நாலு குழந்தைகளை ஏத்தி ஒரு சுத்து சுத்திவிட்டேன்."

பாவாயம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. வையாபுரிக்கு அது போதுமாயிருந்தது.

"வேகம் எப்படிங்க?" என்றார் நாச்சிமுத்து, பினியனின் பல்லைத் துணியால் துடைத்தபடி.

"வேகமா? அதைக் கேக்காதீங்க. டயர் உச்சியில மைனா ஒண்ணு கூடு கட்டுச்சு. முட்டை போட்டு, அடைகாத்து, குஞ்சு பொரிச்சு, குஞ்சு பறந்தும் போச்சு. அப்பவும் கூடு பக்கவாட்டுக்குக்கூட வரலை. இஞ்சின் மட்டும் பேயா ஓடுது."

"அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனீங்க?" என்றார் நாச்சிமுத்து.

"வண்டி ஓடிட்டிருக்கறப்பவே எறங்கி வீட்டுக்குப் போயி, மச்சினன் கல்யாணத்தை முடிச்சுட்டு வந்தேன். ஸ்டியரிங் வச்ச எடத்துலயே இருந்துச்சு."

அர்ச்சுனன் வாய்விட்டுச் சிரித்தான். வையாபுரி அவனைப் பார்க்கவில்லை. பாவாயம்மாளின் முகத்தையே பார்த்தான். அங்கே ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வெயிட் ஏற்ற வேண்டும் என்று தோன்றியது.

"ஆனா இழுவை, அக்கா! அந்த இழுவையைச் சொல்லணும். கொல்லிமலையில இன்னிக்கு அத்தனை ஊசி வளைவு இருக்குதே, அதெல்லாம் யாரு போட்டதுன்னு நெனைக்கறீங்க? அன்னிக்கு அது நேர் ரோடு. நான் ஆக்சிலேட்டரை மிதிச்சதும் டயர் ரோட்டைப் புடிச்சு இழுத்துச்சு பாருங்க, வேட்டி கொசுவம் மாதிரி ரோடு மடிஞ்சு மடிஞ்சு பின்னால வந்துருச்சு."

"ரோட்டுக்காரங்க கேஸ் போடலையா?" என்றான் அர்ச்சுனன்.

"கேஸா? போர்டு வச்சாங்கப்பா, ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு!"

"அப்பறம் லோடு மேல போச்சா இல்லையா?" என்றார் நாச்சிமுத்து.

இதுவரை எந்தப் பட்டறையிலும் சொல்லாததை இப்போது சொல்லிவிடுவது என்று வையாபுரி முடிவு செய்தான்.

"போகலை. பாதியில கிரவுன் சூடேறிச்சு. நான் வண்டியை நிறுத்தலை, மிதியையும் விடலை. கடைசியில மலைக்கே மனசு கேக்கலை. மெல்ல எறங்கி வந்து, என் லோடுக்கு அடியில நின்னுக்கிச்சு. கயித்தை அவுத்தேன், எறக்கிக் குடுத்தேன், கையெழுத்து வாங்கிட்டு வந்தேன்."

பாவாயம்மாள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டார். வேலை கிடைத்துவிட்டது என்று வையாபுரி நினைத்தான். முட்டை வேனின் சாவியை முதலாளி மேஜையில் எப்படி வைப்பது, வீசுவதா, மெதுவாகவா என்றுகூட யோசித்தான்.

"ஏனுங்க டிரைவர், ஏத்தறது சரி. நம்ம டிரான்ஸ்பார்மர் மலை மேல இருக்குது. பழசு. கீழ கொண்டாரணும். ஏத்தத்துல இழுக்கற பல்லுதான் எறக்கத்துல வண்டியைப் புடிச்சு நிறுத்தும்னு நாச்சிமுத்து சொல்றாரு. எறக்கத்துல நீங்க எப்படி ஓட்டுவீங்க?"

வையாபுரி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் இவ்வளவு சுலபமான கேள்வியா என்று நிம்மதியாக இருந்தது. யோசிக்காமல் சொன்னான்.

"எறக்கத்துல என்னங்கக்கா இருக்குது? கியரே இல்லாம நியூட்ரல்ல தட்டி விட்டா அது பாட்டுக்கு வந்துரும். டீசலும் மிச்சம்."

நாச்சிமுத்து துடைப்பதை நிறுத்தினார். அர்ச்சுனன் சிரிக்கவில்லை.

பாவாயம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

"இத்தனை நேரம் சொன்னதுல எதையும் நான் நம்பலீங்க," என்றார். "இதை நம்பறேன்."