மல்லப்பரின் வீர மருந்து

முன்னொரு காலத்தில் குறும்பனை என்ற நாட்டை மருதவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் கிடாச் சண்டை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கிடாக்களைப் பார்த்துக்கொண்டவர் மல்லப்பர். மந்திரி அறவாழியின் பதவிமேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். ராஜாவைக் குஷிப்படுத்த, சண்டைக்கு முன் கிடாக்களைப் பட்டினி போட்டுக் கண்ணில் மிளகாய்ச் சாறு தடவுவார். அவை வெறிகொண்டு முட்டும். ராஜா கைதட்டுவார்.

கொட்டடிக்குப் புல் சுமந்த பொன்னுருவியும் அவள் தம்பி கூத்தனும் இதைப் பார்த்துவிட்டார்கள்.

"உச்சிவேளையிலே காவக்காரங்க சாப்பிடப் போவாங்க. நீ படலைத் திற, நான் மலைக்கு ஓட்டிடுறேன்" என்றாள் அக்கா.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுக்கா."

"அம்மாகிட்டக்கூட."

இரண்டு கிடாக்கள் தப்பின. மூன்றாவது சுழியன். மிளகாய் எரிச்சலில் கண் தெரியாமல் சுவரில் முட்டிக் கத்தியது. காவலர்கள் ஓடிவந்து பிள்ளைகளைப் பிடித்தார்கள்.

சபையில் மல்லப்பர் குதித்தார். "அரண்மனைச் சொத்தைத் திருடிய கழுதைகள்! சவுக்கடி கொடுங்கள், அரசே!"

"கண்ணிலே மிளகாய் தடவுறாங்க, மகாராஜா!" என்று அழுதாள் பொன்னுருவி.

"பொய்! அது வீர மருந்து. தடவினால் வீரம் பொங்கும்."

மந்திரி அறவாழி எழுந்தார். "அப்படியா! நாளை நம் படை எல்லைக்குப் புறப்படுகிறது. வீரர்கள் எல்லோருக்கும் தடவலாமே. முதலில் மல்லப்பருக்கே தடவுவோம்."

காவலன் கிண்ணத்தோடு நெருங்கினான். மல்லப்பர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, வேண்டாம்! கண் அவிந்துபோகும்!"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அவிந்துபோகும் என்று தெரிந்தேதான் தடவினீரா?"

அன்றே மல்லப்பரின் தலைப்பாகை இறங்கியது. கொட்டடி பிள்ளைகள் பொறுப்புக்கு வந்தது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார்.

அறவாழி கை நீட்டவில்லை. "இந்த யுக்தி எனக்குப் போன வருஷமே தோன்றியது, அரசே. நீங்கள் ரசிப்பதைக் கெடுத்தால் பதவி போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் பதினோரு கிடாக்கள் செத்தன. மாலை அந்தப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது."

ராஜா மாலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு கொட்டடிக்கு நடந்தார். ஒரு பிடி அகத்திக்கீரையைச் சுழியனிடம் நீட்டினார். கைவளை குலுங்கிய சத்தத்தில் அது நடுங்கிப் பின்வாங்கியது.

"சண்டையிலே நீங்க கைதட்டுறதுக்கு முன்னாடி இந்தச் சத்தம்தான் கேக்கும், மகாராஜா. அதான் பயப்படுது" என்றான் கூத்தன்.

ராஜா வளையைக் கழற்றிவிட்டு மறுபடி நீட்டினார். சுழியன் வரவில்லை. கீரை வாடும்வரை அவர் அங்கேயே நின்றார்.