மலையேறிய விளக்கு

“என் ஏற்பாட்டுல என்ன கோளாறுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா சாமி?” என்று கேட்டார் பலவேசம்.

சாமி மூக்குப்பொடி டப்பாவின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பலவேசம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துச் சாமியான தாண்டவசாமி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மடத்தில் சாமிதான் குரு, பலவேசம் சீடர். குருவிடமிருந்து பலவேசம் நிறையக் கற்றுக்கொண்டிருந்தார், பொறுமையைத் தவிர.

மடத்துக்குப் பின்னால் நெடுந்தலை மலை இருந்தது. உச்சியைத் தொடப் பல நாள் நடக்க வேண்டும். ஆறு தாண்ட வேண்டும், காட்டுக்குள் தங்க வேண்டும், வழிகாட்டி இல்லாமல் யாரும் போக முடியாது. வழிகாட்டிகளுக்குத் தலைவரான ஈச்சன், சாமி கையால் திருநீறு வாங்காத கூட்டத்துக்கு ஒரு மூட்டையைக்கூடத் தூக்க மாட்டார்.

பலவேசம் பல முறை போய் வந்தவர். இந்த முறை மனைவி உலகம்மாளையும் கூட்டிப்போகிறார்.

அவர் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, மனுசன் பிழைத்தால் நெடுந்தலை உச்சியில் விளக்கு வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவள் அவள். பிழைத்தவர் வருடா வருடம் மலைக்குப் போனார். நேர்ந்துகொண்டவள் வீட்டில் இருந்தாள். இந்த வருடம் விட்டால் அவளுக்கு வயதாகிவிடும், அப்புறம் ஏற முடியாது என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. சாரல் விழத் தொடங்கினால் மலைக்குப் போக விடமாட்டார்கள். சாரலுக்கு அதிக நாள் இல்லை.

இந்த நேரம் பார்த்து சாமி திருநீறு கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை சொல்லும், கேப்போம்” என்றார் சாமி.

பலவேசம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“மொத நாள் விடியுமுன்ன கிளம்புதோம். வெயிலுக்கு முன்னால ஆத்தைத் தாண்டிருதோம். ராத்திரி யானைப்பாறைக் குகை. ரெண்டாம் நாள் வழுக்குப்பாறை, அங்க கயிறு கட்டி ஏறணும், ஈச்சன் ஆள் போட்டிருக்காரு. அடுத்தாப்பில ஈத்தங்காடு. ஒரு நாள் ஓய்வு. அப்புறம் உச்சி. அவ விளக்கு வைக்கா. அப்புறம் இறங்கிருதோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அவ்வளவுதான்.”

சாமியின் பக்கத்தில் ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி ஒரு செம்பருத்தி இதழை எடுத்துத் திரியை அமர்த்தினார். புகை எழுந்தது.

“விளக்கு என்ன ஆச்சு?”

“மலையேறிட்டு” என்றார் பலவேசம். விளக்கு அணைந்தது என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

“எப்ப இறங்கும்?”

கேட்டுவிட்டு சாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

*

“கிறுக்குப் பிடிச்சிருக்கு அந்தாளுக்கு” என்றார் பலவேசம், வீட்டுக்குள் நுழையும்போதே.

உலகம்மாள் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன கேட்டாரு?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“மலையேறின விளக்கு எப்ப இறங்கும்னு கேக்காரு. ஒரு காப்பி கொண்டா.”

“நீங்க உக்காருங்க. நான் வாரேன்.”

பலவேசம் உட்கார்ந்தார். சாமியைத் திட்டினார். பேப்பரைப் புரட்டினார். மறுபடியும் சாமியைத் திட்டினார். காப்பி வரவில்லை.

“மாடியிலிருந்து வாரதுக்கு இம்புட்டு நேரமா?” என்று கத்தினார்.

“வாரேன், வாரேன்” என்று படிக்கட்டின் நடுவிலிருந்து பதில் வந்தது.

காப்பி வந்தபோது அவருடைய கோபம் முழுக்க சாமி மேல் திரும்பியிருந்தது. தாமதத்தை மறந்துவிட்டார்.

*

குறை எங்கேயோ ஏற்றத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலவேசம் முடிவு செய்தார். ஈச்சனிடம் சொல்லி இன்னோர் ஆள் போட்டார். கயிற்றை மாற்றினார். குளிருக்குக் கம்பளி சேர்த்தார். அட்டை கடித்தால் போட உப்பும் மூக்குப்பொடியும் வாங்கினார். அவள் மூச்சு வாங்கினால் தூக்கிக்கொண்டு ஏற டோலிக்கும் சொல்லிவைத்தார்.

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சாமியிடம் ஒப்பித்தார். சாமி கவனமாகக் கேட்டார். அவர் கொண்டுவந்த சாமானில் மூக்குப்பொடிப் பொட்டலத்தை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அது அட்டைக்கு, சாமி.”

“அப்புறம்?”

“அப்புறம் இறங்கிருதோம்.”

சாமியின் கை செம்பருத்தியை நோக்கிப் போனது.

“வேண்டாம் சாமி!” என்று பலவேசம் அலறினார். “மலையேறின விளக்கு இறங்காது. மலையேறிட்டுன்னா போச்சுன்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதைப் போயி எங்கிட்டக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

“சரியாத்தானே சொல்லுதீரு” என்றார் சாமி.

“அப்ப திருநீறு குடுங்க.”

“டிப்போவுல உம்ம வேலை என்ன?”

“இப்ப அது எதுக்கு?”

“சொல்லுமே.”

“பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பி வைக்கணும். என் ஷிப்ட்டுல ஒரு வண்டி தாமதமாக் கிளம்பினதில்லை. யாரு வேணும்னாலும் விசாரிச்சுக்கிடலாம்.”

“போன வண்டி திரும்பி வந்துட்டான்னு பாப்பீரா?”

“அதை அடுத்த ஷிப்ட்டுக்காரன் பாத்துக்கிடுவான்.”

சாமி தும்மினார். பொடி நல்ல காரம்போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு வாரும்” என்றார்.

*

மறுநாள் பலவேசம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

“ஒண்ணு, குடுக்கேன்னு சொல்லுங்க. இல்ல, குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. எனக்காக ஒருத்தி நேர்ந்துக்கிட்டு இத்தனை வருசமாக் காத்துக் கிடக்கா. அவளை ஏத்திக் காட்டலைன்னா நான் மனுசனே இல்ல. ஈச்சன் ஆள் அனுப்பிட்டாரு, மேகம் கட்டுதாம். நீங்க இங்க உக்காந்து விளக்கை அமத்தி விளையாடிக்கிட்டு இருக்கீங்க!”

சொன்ன பிறகுதான், குருவிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

சாமி கோபப்படவில்லை.

“உலகம்மாளைக் கூட்டிக்கிட்டு வாரும். மடத்துக் குன்று மேல ஒரு விளக்கு வைக்கட்டும். மத்தியானச் சாப்பாடு இங்கதான்” என்றார்.

“பரீட்சையா?”

“விளக்கு வைக்கத்தான் சொன்னேன்.”

பரீட்சை என்றே பலவேசம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு ஓடினார்.

*

குன்று சின்னதுதான். ஆனால் செங்குத்தானது. பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். ஏறினாள். எங்கும் உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. பாதிக்கு மேல் பலவேசத்துக்குத்தான் மூச்சு வாங்கியது.

“பாத்தியா! டோலி எதுக்கு? டோலியே வேண்டாம்!” என்றார்.

அவள் சிரித்தாள். மேலே விளக்கை ஏற்றிவிட்டு நெடுந்தலையைப் பார்த்துக் கும்பிட்டாள். உச்சியில் வெள்ளையாக மேகம் தங்கியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது, இவளை எப்படியும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று அவருக்கு நெஞ்சு துடித்தது.

“நீங்க போங்க. நான் வாரேன்” என்றாள்.

பலவேசம் தடதடவென்று இறங்கினார். ஜெயித்த செய்தியைச் சாமியிடம் சொல்ல அவ்வளவு அவசரம்.

“ஏறிட்டா சாமி! எனக்கு முன்னால ஏறிட்டா!”

“அவ எங்க?”

“பின்னால வாரா.”

“வரட்டும்” என்றார் சாமி.

இலை போட்டிருந்தார்கள். குழம்பு வாசம் வந்தது. சாமி இலை முன்னால் உட்கார்ந்தாரே தவிர, சோற்றில் கை வைக்கவில்லை.

“ஆரம்பிக்கலாமே சாமி. அவ வந்துருவா.”

“வரட்டும்.”

சோறு ஆறியது. ஈ மொய்த்தது. பலவேசத்துக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது.

“எங்க போனாலும் இப்படித்தான் சாமி இவ. கல்யாண மண்டபமோ கோயிலோ, நான் வாசலுக்கு வந்து நின்னா, அப்புறம் ஒரு யுகம் கழிச்சுத்தான் வருவா. யார்கிட்டயாவது பேசிக்கிட்டு நிப்பா.”

“குன்று மேல யார் இருக்கா, பேசுறதுக்கு?” என்றார் சாமி.

பலவேசம் எழுந்து வெளியே போனார்.

*

குன்றின் நடுவில் உலகம்மாள் வந்துகொண்டிருந்தாள்.

மலைக்கு முகத்தையும் ஊருக்கு முதுகையும் காட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் மேல்படியைப் பிடித்திருந்தாள். ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவினாள். படி தட்டுப்பட்டதும் மற்றக் காலை இறக்கினாள். இறக்கியதும் அப்படியே உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

பிறகு அடுத்த படி.

பலவேசத்துக்கு வழுக்குப்பாறை கண்முன்னால் வந்தது. அதில் ஏறுவதற்கு மட்டுமே அவர் கயிறு ஏற்பாடு செய்திருந்தார்.

“உலகு!”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, “நீங்க போங்க, நான் வாரேன்” என்றாள், பழக்கத்தில்.

அவர் மேலே ஏறிப் போனார். அவள் உட்கார்ந்திருந்த படிக்குக் கீழ்ப்படியில் நின்றார்.

“எப்ப இருந்து இப்படி?”

“ரொம்ப நாளாச்சு. ஏறுறதுல ஒண்ணுமில்லங்க. இறங்கும்போதுதான் முட்டிக்குள்ள கத்தி போடுத மாதிரி இருக்கு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

உலகம்மாள் யோசித்தாள். அவளுக்குக் குறை சொல்கிற உத்தேசம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

“சொல்லலாம்னு பாக்கும்போது நீங்க கீழ போயிருப்பீங்க.”

பலவேசத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை. கையை நீட்டினார். அவள் கூச்சத்தோடு பிடித்துக்கொண்டாள்.

*

அவர்கள் மடத்துக்குள் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சாமி இலை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பசியில் அவருக்கும் முகம் கடுகடுவென்றிருந்தது.

“முதல்ல ஏற்பாட்டைச் சொல்லும்” என்றார். “அப்புறம் சாப்பிடுவோம்.”

உலகம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பலவேசம் சாமியைப் பார்த்தார்.

“உச்சியில விளக்கு வெச்சாச்சு, சாமி” என்றார். “அங்கேருந்து சொல்லுதேன்.”

“சொல்லும்.”

“அவளுக்கு ஒரு படி கீழ நான் நிக்கேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னொரு படி.”

சாமி திருநீற்றுத் தட்டை எடுத்தார்.