காக்கா தின்ன கடைசி நம்பர்

ஒரு ஊர்ல ஒரு மொட்டமாடி இருந்துது. ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது இந்தக் கதையில. ஒரு மொட்டமாடி, ஒரு காக்கா, பூங்கோதைன்னு ஒரு பொண்ணு, அவளோட அம்மா சௌந்தரம். ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன். ஆங், அப்படி.

பூங்கோதை பத்தாவது பரிச்சை எழுதியிருந்தா. ரிசல்ட் வர்றதுக்கு இன்னும் மூணு நாள் இருந்துது. மத்த பாடம் எல்லாம் பரவாயில்ல. கணக்குலதான் பயம். கிராஃப் அழகா போட்டா, ஆனா ஓரத்துல அளவு எழுதினாளா இல்லையான்னு அவளுக்கே ஞாபகம் இல்ல. அது எழுதலேன்னா எட்டு மார்க்கும் போயிடும், அந்த எட்டு போயிட்டா பாஸ் இல்ல, பாஸ் இல்லேன்னா பதினொண்ணாவது இல்லன்னு அவளே ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தா. வயித்துக்குள்ள குடுகுடு, குடுகுடுன்னு ஒரு எலி ஓடிக்கிட்டே இருந்துது.

அப்போ அவளுக்கு ஒரு புதுக் கவலை வந்துது. ரிசல்ட் பாக்க நம்பர் வேணும், நம்பர் ஹால் டிக்கெட்டுல இருக்கு, அது தொலைஞ்சிட்டா? உடனே எடுத்து அகராதிக்குள்ள வச்சா. அப்புறம், கரையான் வந்தா? எடுத்து அரிசி டின்னுக்குள்ள வச்சா. மறுநாள் காலையில அம்மா அரிசி அளக்கும்போது உள்ள கை விட்டா, சரசரன்னு ஒரு பேப்பர். "ஏண்டி, இத உலையில போட்டு வடிக்கவா?"ன்னு கேட்டா. இவ வெடுக்குனு பிடுங்கிக்கிட்டா.

சௌந்தரம் பொண்ண ஒரு பார்வை பாத்தா. விக்கிறதுக்கு வடாம் மாவு காய்ச்சி வச்சிருந்தா, வெயில் வந்திடுச்சு, அச்ச எடுத்துக்கிட்டு மாடிக்கு வாடின்னு மட்டும் சொன்னா.

ரெண்டு பேரும் மாடிக்குப் போனாங்க. பழைய வேட்டிய நனைச்சு விரிச்சு, நாலு மூலையிலயும் கல்லு வச்சாங்க. பூங்கோதை அச்சுல மாவ ரொப்பி அமுக்கினா. புர்ர்ர்னு ஒரு வடாம். புர்ர்ர்னு இன்னொண்ணு. பத்து, இருபது, நாப்பது. கை வலிச்சுது. ஆனா வயித்துல ஓடின எலி எங்க போச்சுன்னு தெரியல. கடைசியில கொஞ்சம் மாவு மிஞ்சிச்சு. அவ ஹால் டிக்கெட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு, பாத்துப் பாத்து, தன்னோட நம்பரையே வடாமா பிழிஞ்சா. நாலு, ஆறு, ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, மூணு, அப்புறம் ஏழாவதா இன்னொரு நம்பர். அம்மா வந்து பாத்துட்டு, இத யாருடி காசு குடுத்து வாங்குவான்னு சிரிச்சா.

மதியம் சாப்பிட்டுட்டு, அரைத் தூக்கத்துல, மூணாவது தடவையா ஹால் டிக்கெட்ட ஒரு இடத்துல வச்சா. எங்கன்னு கேக்குறியா? அது அவளுக்கே மறந்து போச்சு. உனக்கு மட்டும் இப்பவே சொல்லிட முடியுமா?

ரிசல்ட் நாள் வந்துது. பத்து மணிக்கு ரிசல்ட். வடாமுக்குக் காவல் இருந்த பூங்கோதை, எட்டு மணிக்கே ஹால் டிக்கெட்டத் தேடக் கீழ ஓடினா. அகராதிய உதறினா, இல்ல. அரிசிய முறத்துல கொட்டினா, இல்ல. பீரோவக் கவுத்தா, இல்ல. நம்பரச் சொல்லிப் பாத்தா, நாலுக்கு மேல நாக்கு நகரல. டீச்சருக்கு போன் போட்டா, எல்லாப் புள்ளைங்களும் அவங்களுக்குத்தான் போன் போட்டிருக்கு, லைனே கிடைக்கல.

அப்போ சௌந்தரத்துக்கு மின்னல் வெட்டின மாதிரி ஒண்ணு தோணிச்சு. "அடியே, வடாம்!"

தடதடன்னு மாடி ஏறினாங்க. அங்க யாரு இருந்தா? காக்கா. காவலுக்குத்தான் ஆளே இல்லையே. நறுக், நறுக்னு தின்னுட்டு, இவங்களப் பாத்ததும் பர்ர்ர்னு பறந்துட்டுது. ஆறு நம்பர் அப்படியே இருக்கு. ஏழாவது இருந்த இடத்துல கொஞ்சம் தூளு, அவ்வளவுதான்.

ஒரு துண்டுப் பேப்பர்ல அந்த ஆறு நம்பரையும் எழுதிக்கிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பதட்டத்துல அது தோணணுமே. ஆளுக்கு ரெண்டு மூலையாப் புடிச்சு, வேட்டியோட வடாமத் தூக்கிக்கிட்டு, தெருவுல நடந்தாங்க. காக்கா மின்கம்பிக்கு மின்கம்பி தாவிக் கூடவே வந்துது. ஊர்வலம் எங்கேன்னு பால்காரர் கேட்டாரு. ரிசல்ட் பாக்கன்னு சொன்னா சௌந்தரம்.

தெருக்கோடியில ரஹீமா அக்காவோட கம்ப்யூட்டர் கடை. அக்கா வேட்டியப் பாத்தாங்க, பூங்கோதையப் பாத்தாங்க, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "கடைசி நம்பர் பத்துல ஒண்ணுதானே கோத. பொறந்த தேதியச் சொல்லு. ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்துடுவோம்."

பூஜ்யம் போட்டாங்க. டொக்கு. அப்படி யாரும் இல்லன்னு வந்துது. ஒண்ணு, டொக்கு. அப்படி யாரும் இல்ல. ரெண்டு, டொக்கு. அப்படி யாரும் இல்ல. கடையில இருந்த மத்த புள்ளைங்களும் சுத்தி நின்னு எண்ண ஆரம்பிச்சாங்க. அஞ்சுக்கு அப்புறம், "நான் இங்கதானே நிக்கிறேன், இல்லவே இல்லங்குதே"ன்னா பூங்கோதை. எல்லாருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அவளுக்கும்தான். ஆறு, இல்ல. ஏழு, இல்ல. எட்டு, இல்ல.

அப்புறம் ஒம்போது ஒண்ணுதான் மிச்சம். சிரிப்பு நின்னுது. எலி குடுகுடுன்னு ஒரு சுத்து ஓடிச்சு. ஓடட்டும்னு விட்டா. அது ஓடினாலும் ஓடலேன்னாலும் மார்க்கு எப்பவோ போட்டாச்சு. "தள்ளுங்கக்கா, நானே தட்டுறேன்"னு சொல்லிட்டுத் தட்டினா.

டொக்கு.

பூங்கோதை, தாய் பெயர் சௌந்தரம். கணக்கு, அம்பத்திரெண்டு. பாஸ்.

அளவு எழுதினாளா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அன்னிக்குச் சாயங்காலம் சௌந்தரம் அந்த ஆறு நம்பரையும் எண்ணெயில போட்டா. சொர்ர்ர்னு பொரிஞ்சு, ஒண்ணொண்ணும் கையகலம் ஆயிடுச்சு. ரஹீமா அக்காவுக்கு ரெண்டு, பால்காரருக்கு ஒண்ணு, மிச்சம் வீட்டுக்கு. அந்தக் காக்காவுக்கு ஒண்ணும் கிடையாது, அது அதோட பங்க முன்னாடியே எடுத்துக்கிச்சே.

ம்? ஹால் டிக்கெட்டா? மறுவாரம் துணி தொவைக்க உறையக் கழட்டும்போது கிடைச்சுது. தலகாணி உறைக்குள்ள. ரெண்டு ராத்திரி அது மேலயே தலைய வச்சுக்கிட்டுத்தான், அது தொலைஞ்சிடுமோன்னு பொட்டுத் தூக்கம் இல்லாம புரண்டிருக்கா.

உன் ரிசல்ட் நாளைக்குத்தானே வருது. வரட்டும். உன் தலகாணிய நான் தட்டிப் பாத்துட்டேன் கண்ணு, பஞ்சு மட்டும்தான் இருக்கு. கதையும் பொரிஞ்சாச்சு, காக்காவும் கூட்டுக்குப் போயாச்சு, நீயும் கண்ண மூடு.