இரைப்பைச் சுவரில் குடியிருப்பது

மாட்டுத் தரகர் மாரப்பன் எதையும் சொன்ன விலைக்கு முடித்ததில்லை. வயிற்றுப்புண்ணுக்கு டாக்டர் தமயந்தி பதினாலு நாள் மாத்திரை எழுதினார். ஆறாம் நாளே எரிச்சல் நின்றது. மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எட்டு நாள் லாபம் என்று சந்தையெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நாலாம் மாதம் சோறு இறங்கவில்லை.

இருபது வருட எரிச்சலுக்குக் காரணம் கிருமி என்று கண்டு சொன்னவர் தமயந்திதான். அன்றிலிருந்து, மகள் வயசுள்ள அவரை மாரப்பன் ‘குருவம்மா’ என்றே கூப்பிடுவார். இப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தும் அப்படித்தான் கூப்பிட்டார், ஆனால் கத்தலாக.

“பல்லுப்போன மாட்டைத் தலையில கட்டுற மாதிரி மாத்திரையைக் கட்டிட்டீங்களே குருவம்மா!”

தமயந்தி அவரை மேசையில் படுக்க வைத்தார். தொண்டையை மரக்கச் செய்து, குழாயை இறக்கி, இரைப்பையிலிருந்து நொய்யளவு சதையைக் கிள்ளியெடுத்தார். அதைச் சோதனைக்கான மஞ்சள் நிறக் கூழில் பதித்து அவர் முன்னால் வைத்தார்.

“பாத்துக்கிட்டே இருங்க ஐயா.”

சதையைச் சுற்றி மஞ்சள் சிவந்தது. பிறகு ரோஜா நிறம் கூழெங்கும் பரவியது.

“யாருங்க சாயம் ஊத்துனது?” குரல் கரகரத்தது; கோபம் மட்டும் மரக்கவில்லை.

“உள்ள இருக்கிற கிருமி. அமிலத்தை முறிக்கிற ஒண்ணை அது உண்டாக்குது. அது பட்டா இந்தக் கூழு நிறம் மாறும்.”

“கறியைக் கரைக்கிற அமிலமாச்சே! அதுக்குள்ள எப்படிங்க உசுரோட கெடக்குது?”

“தன்னைச் சுத்தி மட்டும் அமிலத்தை முறிச்சுக்கும். அப்புறம் சளிப்படலத்தைத் திருகித் துளைச்சுட்டுப் போய், சுவத்துல ஒட்டிக்கும்.”

“நம்ம உடம்பு சும்மாவா உடுது?”

“வருசக்கணக்கா படை அனுப்புது. கிருமி அசையல. அந்தச் சண்டையில வேகறது உங்க சுவருதான்.”

மாரப்பன் அந்த ரோஜா நிறத்தைக் குனிந்து பார்த்தார். சந்தையில் முப்பது வருடம் கத்திய குரல் தானாகத் தணிந்தது.

“அடேயப்பா… கண்ணுக்கே தெரியாதவன். எத்தனை பெரிய கைகாரனா இருக்கான்!”

பிறகு கேட்டார்: “சுவரு எப்படியிருக்குதுங்க?”

“தேஞ்சு, அடியில ரத்தக்குழாய் தெரியுது. விட்டா புத்துநோயில கூடக் கொண்டுபோய் நிறுத்தும். பழைய மாத்திரைக்கு அது பழகியிருக்கலாம். இந்தத் தடவை வேற. பதினாலு நாள்.”

பேரம் பேச வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டார்.

“ஆறாம் நாள் எரிச்சலே இல்லீங்களே குருவம்மா. அப்ப அது உள்ள என்னதான் பண்ணிட்டிருந்துச்சு?”

“நீங்க எப்ப நிறுத்துவீங்கன்னு பாத்துட்டிருந்துச்சுங்க ஐயா.”